கவலை உடம்பைத் தின்னுமா? புயல் மாவட்டத்துக்கு ஓர் உடல்நலக் கணக்கு

ஐப்பசி பிறந்துவிட்டால் கடலூர் மாவட்டத்தில் வானிலை அறிக்கைதான் முதல் செய்தி. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்றாலே பண்ருட்டியில் முந்திரித் தோப்புக்காரருக்கும், புவனகிரியில் சம்பா நட்டவருக்கும், பரங்கிப்பேட்டையில் படகு வைத்திருப்பவருக்கும் தூக்கம் போய்விடும்.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் இந்த மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்தனர். 2011 டிசம்பர் 30 காலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்த தானே புயல், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி வட்டாரங்களில் தலைமுறை கண்ட பலா மரங்களையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2015 நவம்பர் வெள்ளத்தில் பெரியகாட்டுப்பாளையம் போன்ற ஊர்கள் உயிர்களை இழந்தன. 2020-இல் நிவர் புயலும் புரெவி புயலும் அடுத்தடுத்து வந்தன. சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையால் தென்பெண்ணை கரைபுரண்டு கடலூரைச் சூழ்ந்தது.

ஒவ்வொரு முறையும் அதிகாரிகள் வந்து கணக்கு எடுக்கிறார்கள். எத்தனை ஏக்கர், எத்தனை வீடு, எத்தனை ஆடு மாடு என்று பட்டியல் போகிறது. அந்தப் பட்டியலில் ஏறாத சேதம் ஒன்று உண்டு. புயல் போய் ஆறு மாதம் கழித்து அப்பாவுக்குச் சர்க்கரை எகிறுகிறது. அம்மாவின் கால் புண் ஆற மறுக்கிறது. அடங்கியிருந்த மூட்டுவலி திரும்பி வருகிறது. இடுப்பில் அக்கி போடுகிறது. "எல்லாம் கவலைதான், கவலை ஆளைத் தின்னுது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள்.

அது வெறும் பேச்சு அல்ல. கவலை எந்த வழியாக உடம்புக்குள் இறங்கி நோய் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கிறது என்பதை மருத்துவ அறிவியல் தொண்ணூறு ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. அந்தக் கணக்கு தெரிந்திருந்தால் குடும்பத்தையும் காப்பாற்றலாம், கொட்டகையில் நிற்கும் மாட்டையும் காப்பாற்றலாம்.

வரப்பில் பாம்பைக் கண்டால் உடம்பு செய்வது

இரண்டு சிறுநீரகங்களின் மேலும் சிறு தொப்பி மாதிரி ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அட்ரீனல் சுரப்பி என்று பெயர். ஆபத்துக் காலத்துக்கான சரக்கு இங்கேதான் இருக்கிறது.

வரப்பில் நடக்கும்போது காலடியில் பாம்பு நெளிகிறது என்று வையுங்கள். நொடியில் அட்ரினலின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் பாய்கிறது. நெஞ்சு படபடக்கும், மூச்சு வேகமாகும், கை கால்களுக்கு ரத்தம் ஓடும். சில நிமிடங்களில் இரண்டாவது ஹார்மோன் ஏறும். அதுதான் கார்டிசால். அது கல்லீரலிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும். ஓடவோ அடிக்கவோ தெம்பு வேண்டும் அல்லவா!

அதே நேரத்தில் நோயோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களும் கிளம்புகின்றன. காயம் படப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே கணக்குப் போட்டு, அவற்றைத் தோல் போன்ற இடங்களுக்கு அனுப்புகிறது. ஆகவே சிறிது நேரமே நீடிக்கும் பதற்றம் எதிர்ப்புச் சக்திக்குக் கெடுதல் செய்வதில்லை, கொஞ்சம் உதவியும் செய்கிறது.

பாம்பு புதருக்குள் போனதும், மூளை கார்டிசாலின் அளவைப் பார்த்து "போதும்" என்று சொல்லிவிடும். தொட்டி நிறைந்ததும் தானாக நிற்கும் மோட்டார் மாதிரி சுரப்பு குறைந்துவிடும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் உடம்பு பழைய நிலைக்கு வந்துவிடும்.

வீக்கம் எதிரி அல்ல

காலில் கருவேல முள் ஏறினால் அந்த இடம் சிவக்கும், சூடாகும், வீங்கும், வலிக்கும். இதை மருத்துவத்தில் அழற்சி என்கிறார்கள். ரத்தக் குழாய்கள் விரிந்து வெள்ளை அணுக்களும் நீரும் அங்கே கூடுவதால்தான் அந்த வீக்கம். கிருமியைத் தின்று, செத்த சதையை அப்புறப்படுத்தி, புதுத் தோல் வளர வழி செய்வது இந்த வேலைதான். அழற்சி இல்லாவிட்டால் ஒரு முள்ளே ஆளைக் கொன்றுவிடும்.

ஆனால் வேலை முடிந்ததும் அது நின்றாக வேண்டும். கிருமியைக் கொல்ல வெள்ளை அணுக்கள் கொட்டும் ரசாயனம் நல்ல சதையையும் அரிக்கும். அழற்சியை அளவோடு நிறுத்தும் பொறுப்பு உடம்பில் பெரும்பாலும் கார்டிசாலுடையது. மதகைத் திறப்பது எவ்வளவு முக்கியமோ, பயிர் மூழ்குவதற்கு முன் அதை மூடுவதும் அவ்வளவு முக்கியம்.

இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், மூட்டழற்சியால் முடங்கிக் கிடந்த ஓர் இளம் பெண்ணுக்குக் கார்டிசாலின் நெருங்கிய உறவான கார்டிசோனை ஊசியாகப் போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்சுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 2020 ஜூனில் கொரோனா நோயாளிகளுக்கு டெக்சாமெத்தசோன் பலன் தருகிறது என்று பிரிட்டனில் கண்டறியப்பட்டதும் இதே வழியில்தான். நுரையீரலில் அளவு மீறிய அழற்சியை அது அடக்கியது. செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களிடையே சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

பாம்பு போகாமலே இருந்தால்?

சாய்ந்த பலா மரத்துக்குப் பதில் புதுக்கன்று வைத்தால் காய்க்கப் பல ஆண்டு ஆகும். அதுவரை வட்டி நிற்காது. நகை மீட்க வேண்டும், மகள் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும், அடுத்த புயல் எப்போது என்று தெரியாது. இந்தப் பாம்பு புதருக்குள் போவதில்லை. இரவும் பகலும் வரப்பிலேயே கிடக்கிறது. அதனால் மோட்டாரும் நிற்பதில்லை.

நாட்கணக்கில், மாதக்கணக்கில் இப்படி ஓடினால் இரண்டு கேடுகள் வருகின்றன. ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றுவதால் இவற்றைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதல் கேடு, காவல் குறைவது. கார்டிசால் ஓயாமல் இருந்தால் புது வெள்ளை அணுக்கள் உருவாவதும் பெருகுவதும் மந்தமாகும். கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர் எலிகளைக் குளிர், காயம், அளவு மீறிய உழைப்பு என்று பலவிதத் துன்பங்களுக்கு உட்படுத்தி, 1936-இல் முடிவை வெளியிட்டார். எந்தத் துன்பமானாலும் உள்ளே கண்டது ஒன்றே. அட்ரீனல் சுரப்பி பெருத்திருந்தது. வெள்ளை அணுக்கள் பயிற்சி பெறும் தைமஸ் சுரப்பி சுருங்கியிருந்தது. இரைப்பையில் புண் இருந்தது.

இரண்டாவது கேடு, அழற்சி அடங்காமல் போவது. கார்டிசால் அழற்சியை அடக்கும் ஹார்மோன் ஆயிற்றே, அது கூடினால் அழற்சி குறையத்தானே வேண்டும்? இங்கேதான் சூட்சுமம். நாள் முழுவதும் தொணதொணத்துக்கொண்டே இருப்பவரின் பேச்சு வீட்டில் யார் காதிலும் ஏறாது. அதுபோல் ஓயாத கார்டிசாலுக்கு வெள்ளை அணுக்களின் காது மந்தமாகிவிடுகிறது. "போதும், நிறுத்து" என்ற உத்தரவு வருகிறது, ஆனால் அது கேட்கப்படுவதில்லை. உடம்பெங்கும் சின்னக் கங்கு மாதிரி அழற்சி புகைந்துகொண்டே இருக்கும். வெளியே வீக்கமோ சிவப்போ தெரியாது. ரத்தக் குழாய், மூட்டு, ஈறு, இன்சுலின் வேலை என எல்லா இடத்திலும் அது மெல்ல அரிக்கும்.

சோதித்துப் பார்த்த உண்மைகள்

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1995-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எல்லோருக்கும் விளங்கக்கூடியது. மறதி நோயுள்ள உறவினரை ஆண்டுக்கணக்கில் வீட்டில் வைத்துப் பார்த்துவந்த 13 பெண்களையும், அதே வயதும் வசதியும் கொண்ட, அந்தச் சுமை இல்லாத 13 பெண்களையும் எடுத்துக்கொண்டார்கள். எல்லோர் கையிலும் ஒரே அளவில், மூன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் சிறு காயம் செய்தார்கள். சுமை இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39 நாளில் ஆறியது. சுமை சுமந்தவர்களுக்கு 9 நாள் கூடுதலாக ஆனது.

பிரிட்டனில் 394 ஆரோக்கியமான மனிதர்கள் தாங்களே முன்வந்து மூக்கில் சளிக் கிருமி விட்டுக்கொண்டார்கள். முன்னதாக அவர்களுடைய வாழ்க்கையில் எவ்வளவு மன அழுத்தம் என்று அளந்துகொண்டார்கள். 1991-இல் வெளியான அந்த முடிவின்படி, அழுத்தம் குறைந்தவர்களில் 100-க்கு 27 பேருக்குச் சளி பிடித்தது. அழுத்தம் மிகுந்தவர்களில் 100-க்கு 47 பேருக்குப் பிடித்தது. இதே குழுவின் ஆய்வாளர் ஷெல்டன் கோஹன் 2012-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, நீண்டகாலக் கவலை உள்ளவர்களின் வெள்ளை அணுக்கள் கார்டிசாலுக்குச் செவிசாய்ப்பதில்லை என்பதையும், அவர்களுக்கே சளி அதிகம் பிடிக்கிறது என்பதையும் காட்டியது.

ஆனால் இவற்றிலிருந்து எல்லா நோய்க்கும் கவலையே காரணம் என்று முடிவு கட்டக் கூடாது. அழுத்தம் அதிகமுள்ளவர்களிலும் பாதிப்பேருக்குச் சளி பிடிக்கவில்லை. வயது, சத்துக் குறைவு, புகை, மது, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்தே நோயை உண்டாக்குகின்றன. கவலை இவை ஒவ்வொன்றையும் கூட்டிவிடுகிறது என்பதுதான் அதன் பலம்.

கிராமத்து வீட்டில் இது எப்படித் தெரியும்?

சர்க்கரை நோயாளிக்கு: மாத்திரையும் சாப்பாடும் மாறவில்லை, ஆனால் அளவு எகிறிவிட்டது என்றால் கார்டிசால் ஒரு காரணமாக இருக்கலாம். அது கல்லீரலிலிருந்து சர்க்கரையை இறக்கும், இன்சுலினின் வேலையையும் தடுக்கும். சர்க்கரை கூடினால் வெள்ளை அணுக்கள் மேலும் சோர்ந்துபோகும். வெள்ளத்துக்குப் பிறகு சேற்றில் வெறுங்காலோடு இறங்கும்போது, உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள்ளோ கண்ணாடியோ குத்தினால் தெரியாது. கடைசியில் விரலை எடுக்கும் நிலைவரை போவது இப்படித்தான்.

அக்கி: சின்ன வயதில் வந்த சின்னம்மையின் கிருமி நரம்புக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். வயது ஏறும்போதும் எதிர்ப்புச் சக்தி தளரும்போதும் விழித்துக்கொண்டு, உடம்பின் ஒரு பக்கத்தில் பட்டையாகக் கொப்புளம் போடும். கடும் மனச்சுமையும் அதற்கு இடம் கொடுக்கலாம். குயவர் வீட்டில் செங்காவியால் அக்கி எழுதுவது நம் பக்கத்து வழக்கம். மனத்துக்கு அது ஆறுதல் தரலாம், ஆனால் கிருமியை அடக்காது. அதை அடக்கும் மாத்திரை உண்டு. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். நெற்றியிலோ கண் அருகிலோ வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பார்வையே போகும் ஆபத்து உண்டு.

காசநோய்: கிருமி பலர் உடம்பில் அடங்கிக் கிடக்கிறது. சர்க்கரை நோய் இருப்பவருக்கு அது தலைதூக்கும் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு. சத்துக் குறைவும் குடியும் அதைக் கூட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு என்றால் "கவலையில் மெலிந்துவிட்டார்" என்று விட்டுவிடாமல், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்யவேண்டும். பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

மூட்டழற்சி, ஆஸ்துமா, சொரியாசிஸ்: கவலை மிகுந்த காலத்தில் இவை கிளர்ந்தெழுவதைப் பலர் தங்கள் உடம்பிலேயே கண்டிருப்பார்கள். மருந்தை விடாமல் எடுப்பதோடு தூக்கத்தையும் கவனிக்க வேண்டும்.

'வலிக்கு ஒரு சின்ன மாத்திரை' என்ற பொறி

நாற்று நட்டு இடுப்பு ஒடிந்தவர்கள் மருந்துக் கடையில் "வலிக்கு மாத்திரை" என்று கேட்டால், சில இடங்களில் பொட்டலத்தில் ஒரு சின்ன மாத்திரை சேர்த்துத் தருவார்கள். ஒரே நாளில் வலி பறந்துவிடும், பசி எடுக்கும், உடம்பு தெம்பாகத் தோன்றும். பெரும்பாலும் அது ஸ்டீராய்டு. கார்டிசாலைப் போலவே வேலை செய்யும் செயற்கைச் சரக்கு.

மருத்துவர் அளவு பார்த்துக் கொடுத்தால் அது உயிர் காக்கும். தானாக மாதக்கணக்கில் தின்றால், ஓயாத கவலை செய்யும் கேட்டைப் பல மடங்காகச் செய்யும். முகம் உப்பும், எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், கிருமிக்குக் கதவு திறக்கும். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை பரவியதை மறந்திருக்க மாட்டோம். கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் அளவு மீறிய ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்பில்தான் அது பெரும்பாலும் பிடித்தது.

இன்னொரு எச்சரிக்கை. நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர் இதைப் படித்துவிட்டுத் திடீரென நிறுத்தக் கூடாது. வெளியிலிருந்து சரக்கு வந்துகொண்டிருந்ததால் அவருடைய அட்ரீனல் சுரப்பி வேலையை மறந்து சுருங்கியிருக்கும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரிடம் மாத்திரையைக் காட்டி, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மாட்டுக்கும் கார்டிசால் உண்டு

கறவை மாட்டுக்கும் ஆட்டுக்கும் இதே ஹார்மோன்தான். கோழிக்கு இதன் நெருங்கிய உறவான கார்டிகோஸ்டிரோன். கணக்கு மாறாது.

மழைக்காலத் தொடக்கத்தில் வரும் தொண்டை அடைப்பான் இதற்கு நல்ல உதாரணம். நோய்க் கிருமி சில மாடுகளின் தொண்டையில் சத்தமில்லாமல் தங்கியிருக்கும். மழையில் நனைந்து, வெள்ளத்தில் நின்று, தீவனமில்லாமல், நெடுந்தூரம் ஓட்டப்பட்டு மாடு தளர்ந்ததும் கிருமி பெருகும். கடும் காய்ச்சல், தொண்டை வீக்கம், மூச்சுத் திணறல் என்று ஓரிரு நாளில் மாடு விழுந்துவிடும். பருவமழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்வதுதான் காப்பு. வெள்ளத்தில் தத்தளித்த பிறகு போடும் ஊசி உடனே கைகொடுக்காது.

கன்று ஈனும் நாட்களில் பசுவுக்குக் கார்டிசால் இயல்பாகவே ஏறும். அப்போது ரத்தத்திலிருந்து மடிக்குள் இறங்க வேண்டிய வெள்ளை அணுக்களின் ஒட்டும் சக்தி குறையும். மடிநோய் கன்று ஈன்ற வாரங்களில் அதிகம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த நேரத்தில் மாட்டை இடம் மாற்றுவது, அடிப்பது, வெயிலில் கட்டுவது கூடாது. கறக்கும்போது நாய் குரைத்தாலும் அட்ரினலின் ஏறி மாடு பாலை அடக்கிக்கொள்ளும். மடியில் தங்கும் பால் கிருமிக்குத் தீனி.

கடைப்பிடிக்க வேண்டியவை:

• சந்தையில் வாங்கிய ஆடு மாட்டை நேரே பட்டியில் சேர்க்காமல் இரண்டு மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள். வண்டியில் வந்த களைப்பில் ஆட்டுக்கொல்லி போன்ற நோய்கள் வெளிப்படலாம்.

• கொம்பு சுடுதல், தாயிடமிருந்து பிரித்தல், தடுப்பூசி ஆகிய மூன்றையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். களைத்த உடம்பில் தடுப்பூசி சரியாகப் பிடிக்காது.

• கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியை வெயில் தணிந்த நேரத்தில், ஆரோக்கியமான கோழிக்கு மட்டும் போடுங்கள்.

• புயல் எச்சரிக்கை வந்ததும் கால்நடைகளை மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள். தண்ணீர் ஏறிய பிறகு விரட்டினால் பாதி நோய் அந்த ஓட்டத்திலேயே தொடங்கிவிடும். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

மனிதருக்கு என்ன வழி?

"கவலைப்படாதே" என்று சொல்வதால் கடன் தீராது. மழையும் நிற்காது. ஆனால் மோட்டாரை நடுநடுவே நிறுத்தி ஓய்வு கொடுக்க வழிகள் உண்டு.

முதலாவது தூக்கம். கார்டிசால் விடியற்காலையில் ஏறி, நள்ளிரவில் மிகவும் தணியும். மும்முனை மின்சாரத்துக்காக நடுஇரவில் எழுவது, வயல் காவல், கைபேசி என்று இந்தத் தாளம் கெட்டால் அழற்சி கூடும். ஒரு நாள் இரவு விழித்தால் மறுநாள் பகலில் கொஞ்சம் கண்ணயர வேண்டும். வீட்டில் முறைபோட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாவது சாப்பாடு. நட்டக் காலத்தில் முதலில் குறைவது பருப்பும் முட்டையும்தான். அதிலும் வீட்டுப் பெண்கள் தங்கள் பங்கைத்தான் முதலில் குறைப்பார்கள். வெள்ளை அணுக்கள் உருவாகப் புரதம் வேண்டும். பச்சைப் பயறு, மணிலா, முருங்கைக் கீரை, கிடைத்தால் மீன் என்று ஏதோ ஒன்று அன்றாடம் தட்டில் இருக்கட்டும்.

மூன்றாவது குடி. கவலையை மறக்கக் குடிப்பவருக்குத் தூக்கம் கெடும், கல்லீரல் கெடும், எதிர்ப்புச் சக்தியும் கெடும். மறுநாள் கவலை அப்படியேதான் இருக்கும், கையிருப்பு மட்டும் குறைந்திருக்கும்.

நான்காவது, காகித வேலைகளை மழைக்கு முன்பே முடிப்பது. பயிர்க் காப்பீட்டைக் கடைசித் தேதிவரை தள்ளாமல் பதிவதும், சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகத்தை ஒரே பையில் நனையாமல் வைப்பதும் உடல்நலத்துக்கான வேலையும்தான். கையில் ஒரு பிடி இருக்கிறது என்ற எண்ணமே அழுத்தத்தைக் குறைக்கும்.

ஐந்தாவது, பேச்சு. மகளிர் குழு, உழவர் மன்றம், டீக்கடை பெஞ்சு எதுவானாலும் சரி. தனியாகச் சுமப்பவரின் உடம்பில் அழற்சி அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆண்கள் அழக் கூடாது, கடனைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்ற வீம்பு உடம்புக்குத்தான் கேடு.

வீட்டில் ஒருவர் சரியாகச் சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல், "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்பதுபோலப் பேசத் தொடங்கினால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து டப்பாவை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். இதற்கு நம் மாவட்டமே முன்மாதிரி. காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் சென்னையின் ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பு, பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது அறையில் தனித்தனிப் பெட்டியில் பூட்டிவைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தது. அந்த ஊர்களில் பூச்சிமருந்தால் நேரும் தற்கொலை குறைந்ததாக 2013-இல் வெளியான ஆய்வு சொன்னது. அந்த ஒரு மணி நேர வெறி கடந்துவிட்டால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

14416 என்பது மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண். 104 என்பது தமிழக அரசின் சுகாதார உதவி எண். இரண்டிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

வாசகர் கேள்விகள்

*கார்டிசால் அளவை ரத்தத்தில் சோதித்துப் பார்க்க வேண்டுமா?*

தேவையில்லை. அது காலையில் ஒரு அளவு, இரவில் ஒரு அளவு என்று மாறிக்கொண்டே இருக்கும். சில சுரப்பி நோய்கள் உண்டா என்று பார்க்க மருத்துவர் எழுதினால் மட்டும் செய்யலாம். அந்தப் பணத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தசோகை மூன்றையும் பார்ப்பது நல்லது. அரசு மருத்துவமனையில் இவை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன.

*கவலையால் புற்றுநோய் வருமா?*

கவலை மட்டும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதிப்படவில்லை. புகையிலை, வெற்றிலைப் பாக்கு, மது ஆகியவை உண்டாக்கும் என்பது உறுதி. கவலையில் இவற்றின் பக்கம் போவதுதான் ஆபத்து. நோய் வந்தவரிடம் "நீ கவலைப்பட்டதால் வந்தது" என்று சொல்லி அவர் சுமையைக் கூட்ட வேண்டாம்.

*எதிர்ப்புச் சக்தி கூட மாத்திரை, லேகியம் வாங்கலாமா?*

எதிர்ப்புச் சக்தி குறைந்தாலும் கேடு, அடங்காமல் போனாலும் கேடு என்பதை மேலே பார்த்தோம். "கூட்டும்" என்று விற்கும் பொட்டலத்துக்கு அந்த அளவு தெரியாது. அதிலும் பெயர், சேர்மானம் எழுதாத பொட்டலங்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அதே காசுக்கு முட்டை வாங்கலாம்.

*வெள்ளத்தில் வேலை செய்தபோது காலில் கீறிவிட்டது. புண் சின்னதுதான். மருத்துவரிடம் போக வேண்டுமா?*

சோப்புத் தண்ணீரில் உடனே நன்றாகக் கழுவுங்கள். மஞ்சளோ சாம்பலோ அப்ப வேண்டாம். தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் டிடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை இருப்பவர்கள் புண் சின்னது என்று பார்க்காமல் அன்றே காட்டவேண்டும். வெள்ளத் தண்ணீரில் இறங்கிய இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். தண்ணீரில் வேலை செய்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.